சம்பந்தி வீட்டுச் சாவு

மாமியாரின் சவப்பெட்டி தொலைக்காட்சியில் தலைகீழாக வந்து நின்றது. துர்க்கா ரிமோட்டில் தெரிந்த பொத்தானையெல்லாம் அழுத்திப் பார்த்தாள். எட்டு மாத வயிற்றோடு குனிந்து வயரைக் கழற்றி மறுபடி செருகினாள். பிழை இங்கே இல்லை, அங்கேதான் யாரோ போனைத் தலைகீழாக மாட்டியிருக்கிறார்கள் என்பது, ஒரு கை வந்து அதைத் திருப்பி வைத்தபோதுதான் தெரிந்தது.

வெள்ளைப் பெட்டி. மேல்பாதி கண்ணாடி. இரண்டு பக்கமும் ஆளுயர விளக்குகள். கண்ணாடிக்குள்ளே, அவள் கணவன் ஆர்னெலின் தாய் லூர்தெஸ் நல்ல சட்டை போட்டு, உதட்டுக்குச் சாயம் பூசிப் படுத்திருந்தார். வியாழக்கிழமை உடுப்புக் காயப்போடப் போனவர் கொடிக்குக் கீழேயே விழுந்து போய்விட்டார். அறுபத்தொன்பது வயது. பிலிப்பைன்ஸில், இலோய்லோ நகரத்துக்கு வெளியே ஓர் ஊர். துர்க்கா மாமியாரை நேரில் கண்டதேயில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் சிரித்துக் கையசைப்பதோடு சரி.

ஆர்னெல் சோபாவின் நுனியில் இருந்தான். முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடித்து வந்த அதே பச்சை உடுப்பு. சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. கனடாவில், மல்வேர்னில் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவன் சப்பாத்தோடு உள்ளே வந்தது கிடையாது. துர்க்காவின் அம்மா புனிதவதி விடமாட்டாள். இன்றைக்கு அம்மா அதைப் பார்த்தாள். பார்த்தும் ஒன்றும் சொல்லாமல் திரையில் தெரிந்த கூட்டத்தைப் பற்றிச் சொன்னாள்.

"அங்க பார் பிள்ளை, செத்தவீட்டில சீட்டு விளையாடுதுகள்."

"பிரேதத்தைத் தனிய விடக்கூடாதாம் அம்மா. நித்திரை வராமல் இருக்கிறதுக்கு விளையாடுகினம்."

"ஓ," என்றுவிட்டு அம்மா குசினிக்குள் போனாள்.

திரையில் ஆர்னெலின் அக்கா மரிவிக் வந்தாள். அழுது வீங்கிய முகம். தங்கள் மொழியில் அவனிடம் ஏதோ கேட்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் திரும்பவும் அதையே கேட்டாள்.

துர்க்காவுக்கும் ஆர்னெலுக்கும் நடுவில் ஆங்கிலம்தான். "என்ன கேட்கிறா?" என்றாள் துர்க்கா.

"எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று கேட்கிறாள். வெளிநாட்டுப் பிள்ளை வரும்வரை எங்கள் ஊரில் அடக்கம் செய்ய மாட்டார்கள். டுபாயிலிருந்து அண்ணன் நேற்றே வந்துவிட்டான். நான்தான் மிச்சம். இரண்டு கிழமையானாலும் வைத்திருப்போம் என்கிறாள்."

"நீ என்ன சொன்னாய்?"

"ஒன்றும் சொல்லவில்லை."

காத்திருக்க வேண்டாம் என்று அவன் சொல்லியாக வேண்டும். சின்ன வசனம்தான். அதைச் சொல்ல வாய் வராமல் அவன் இரண்டு நாளாக இப்படியே இருக்கிறான்.

கடைசியாக ஒரு தடவை கேட்டுப் பார்ப்போம் என்று துர்க்கா நௌபர் அண்ணைக்குப் போன் அடித்தாள். அவர்தான் மார்க்கம் ரோட்டில் சின்னதாக ஒரு ஒபிஸ் வைத்து, ஆர்னெலின் நிரந்தர வதிவிடப் பேப்பர்களைச் செய்து கொடுத்தவர். போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"போறதுக்கு ஒருத்தரும் தடுக்க மாட்டாங்க தங்கச்சி," என்றார் நௌபர். "திரும்பி வாறதுதான் பிரச்சினை. பாஸ்போட்டில இருந்த விசா முடிஞ்சிட்டு. இங்க உள்ளுக்கு இருந்து போட்ட பைல் இது. ஆள் வெளிய போய் மாட்டிக்கிட்டா பைலும் அவரோட போயிரும். பிள்ளை பிறக்கிற நேரம் அவர் அங்கயும் நீங்க இங்கயுமா இருக்கப்போறீங்க?"

"வேற வழி ஒண்டும் இல்லையா அண்ணை?"

"இன்னும் மூணு நாலு மாசம்தான், கார்ட் வந்திரும். முன்வருசம் ஒக்டோபரில போட்ட ஒரு பெடியனுக்குப் போன மாசம் வந்திட்டு. நாமளும் அந்த நேரமே போட்டிருந்தா..." அவர் அதோடு நிறுத்தி, செருமிக்கொண்டார். "சரி, அதை இப்ப ஏன் கதைப்பான். அவங்கட உம்மாவுக்கு நல்லிடம் கிடைக்கட்டும்."

குசினியில் தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது.

அந்த ஒக்டோபரில் பைல் தயாராகத்தான் இருந்தது. நகர மண்டபத்தில் பத்து நிமிடத்தில் நடந்த கல்யாணம். சாட்சிக்கு ஆர்னெலோடு வேலை செய்யும் இரண்டு பேர். படங்களைப் பார்த்துவிட்டு நௌபர் உதட்டைப் பிதுக்கினார். வீட்டு ஆள் ஒருவர்கூடப் படத்தில் இல்லை, பேப்பருக்காகக் கட்டிய கல்யாணம் என்றுதான் நினைப்பார்கள், அம்மாவிடம் ஒரு கடிதமாவது வாங்குங்கள் என்றார். துர்க்கா ஒரு பக்கத்தில் கடிதம் ரைப் அடித்து, மேலே திகதி போட்டு அம்மாவிடம் கொடுத்தாள்.

அம்மா மூக்குக்கண்ணாடி போட்டு இரண்டு தடவை வாசித்தாள். "'எனக்குத் தெரியும்' எண்டு எழுது, வைக்கிறன். 'மனமார ஏற்றுக்கொண்டேன்' எண்டெல்லோ எழுதியிருக்கிறாய். பொய்யில நான் கையெழுத்து வைக்கமாட்டன்." அவ்வளவுதான். கடிதம் சாமிப்படத்துக்குக் கீழே மேசை லாச்சிக்குள் போனது. துர்க்கா சண்டை பிடித்தாள், அழுதாள், ஒரு மாதம் பேசாமல் இருந்து பார்த்தாள். அம்மா அசைந்து கொடுக்கவில்லை. பெப்ரவரியில் அம்மா ஐசில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்தாள். ஆர்னெல்தான் அவளோடு ஆஸ்பத்திரியில் ஒன்பது மணித்தியாலம் காவல் இருந்தான். வீட்டுக்கு வந்ததும் அம்மா லாச்சியைத் திறந்தாள். பேனை கேட்டாள். இடக்கையால் கோழி கிளறியதுபோல ஒரு கையெழுத்து வைத்து, பக்கத்தில் அன்றைய திகதியையும் போட்டாள்.

பொலிஸ் சான்றிதழ் வரப் பிந்திவிட்டது என்று துர்க்கா ஆர்னெலிடம் சொல்லியிருந்தாள். நாலு மாதம்தானே, அரசாங்கக் காரியத்தில் நாலு மாதம் ஒரு கணக்கா என்று தன்னையும் சமாதானப்படுத்திக்கொண்டாள். இப்போது எண்ணிப் பார்த்தால் அந்த நாலு மாதம்தான், அதுதான், இவனைச் சோபாவின் நுனியில் இருத்தி வைத்திருக்கிறது. எழும்பிப் போய் குசினி வாசலில் நின்று கத்தவேண்டும்போல அவளுக்கு ஆத்திரம் வந்தது. வயிற்றில் பிள்ளை உதைத்தது, அப்படியே இருந்துவிட்டாள்.

அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து ஆர்னெலின் முன்னால் வைத்தாள்.

"குடியுங்கோ தம்பி."

இரண்டு வருடமாக 'உவர்', 'உந்தாள்' என்று இருந்தவன் இன்றைக்குத் தம்பியாகிவிட்டான். அம்மா எதிரே இருந்து சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தாள். துடைத்து முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் உப்பிடித்தான் சொன்னவங்கள்," என்றாள், துர்க்காவைப் பார்த்து. "அப்பர் செத்த நேரம். அகதிக் கேஸ் முடியேல்லை, போனால் வரேலாது எண்டு. பதினொரு நாள் கழிச்சுத்தான் எனக்குச் செய்தியே வந்தது. அடுத்த நாள் வேலைக்குப் போனனான்."

துர்க்காவுக்கு இது புதிது. தாத்தா செத்தார் என்று தெரியும். அம்மா போகவில்லை என்றும் தெரியும். ஏன் என்று அவள் கேட்டதில்லை.

"அப்ப, உது தெரிஞ்சும் ஏனம்மா..."

"தெரிஞ்சும்தான்," என்றாள் அம்மா. வேறு சாக்குச் சொல்லவில்லை. திரையில் தெரிந்த பெட்டியைப் பார்த்தபடி, "நான் போறன்," என்றாள்.

"எங்க, கோயிலுக்கா?"

"சம்பந்தி வீட்டுக்கு. என்னட்டைக் கனடாப் பாஸ்போட் இருக்கு. எனக்கு ஒருத்தற்றை கடிதமும் தேவையில்லை."

"அம்மா, ஆர் யூ சீரியஸ்? ஸ்காபரோ ரவுனுக்கே தனிய பஸ் மாறிப் போகமாட்டீங்கள்."

"பஸ்ஸிலதான் மாறவேணும். பிளேனில ஏத்திவிட்டால் அவங்கள் இறக்கிவிடுவாங்கள்."

துர்க்கா ஆங்கிலத்தில் சொன்னதும் ஆர்னெல் எழும்பிவிட்டான். "நோ மாமி, நோ," என்றான். பிறகு, இல்லத்தில் தமிழ்க் கிழவர்களிடம் பொறுக்கிய தமிழில், "மாமி, கால் நோகும். கஷ்டம் வேண்டாம்," என்றான்.

"கால் எங்க இருந்தாலும் நோகத்தான் செய்யும்," என்றாள் அம்மா. "தம்பி, நீங்கள் போகேலாது. இவள் வயித்தோட போகேலாது. வீட்டிலயிருந்து ஒரு ஆள் போகத்தானே வேணும். ஒருத்தரும் போகாட்டி அந்தச் சனம் என்ன நினைக்கும்? நாதியில்லாத வீட்டிலயோ பெடியன் கலியாணம் கட்டினவன் எண்டு கேளாதுகளோ?"

துர்க்கா அதை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தாள். ஆர்னெல் திரும்பித் திரையைப் பார்த்தான். பிறகு போனைக் கையில் எடுத்து அக்காவிடம் பேசினான். மெதுவாகத்தான் பேசினான். மரிவிக் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். அவள் பின்னால் திரும்பி ஏதோ சொல்ல, சீட்டாடியவர்கள் எல்லோரும் சீட்டைக் கவிழ்த்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள்.

"காத்திருப்பார்களாம்," என்றான் ஆர்னெல். "மாமி வரும்வரை."

ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பியர்சன் விமான நிலையத்தில் ஏற்றிவிட்டார்கள். வெள்ளைச் சேலை இரண்டு, மருந்துப் பெட்டி, ஆர்னெல் தன் அண்ணனின் படத்தை ஒட்டிப் பெயர் எழுதிக் கொடுத்த தாள் ஒன்று. மணிலாவில் அண்ணன் வந்து கூட்டிப்போவான் என்று அம்மாவுக்குப் பத்துத் தடவை சொல்லப்பட்டது. பாதுகாப்புச் சோதனை வாசல்வரை வண்டியைத் தள்ளிக்கொண்டு போனது ஆர்னெல். அதற்கு மேல் பயணிகள் மட்டும். அம்மா பாஸ்போட்டை நீட்டினாள்; சோதனைக்காரன் ஒரு கண் பார்த்துவிட்டு விட்டான். அவள் தலை மறைந்த பிறகும் ஆர்னெல் வெறும் வண்டியைப் பிடித்தபடி நின்றான். துர்க்காதான் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி. அங்கே மாலை ஏழு. ஆர்னெல் வேலையால் வந்து, கை கழுவி, தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தான். துர்க்கா பக்கத்தில்.

கூட்டம் விலகியது. வெள்ளைச் சேலைக்கு மேல் சுவெற்றரும், வீங்கிய காலில் செருப்புமாக அம்மா வந்தாள். மரிவிக் குனிந்து அம்மாவின் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்தாள். பிறகு அண்ணன். பிறகு வரிசையாக எல்லோரும். அம்மா முதலில் திகைத்துப்போய்க் கையை இழுக்கப் பார்த்தாள். நாலாவது ஆளிலிருந்து தானாகவே தலையில் கை வைத்து ஆசீர்வாதம் பண்ணத் தொடங்கிவிட்டாள். துர்க்காவுக்குச் சிரிப்பு வந்தது.

அம்மா பெட்டிக்குக் கிட்டப் போனாள். கண்ணாடிக்கு மேல் குனிந்து முகத்தை வடிவாகப் பார்த்தாள். பிறகு, தூரத்து ஆளோடு போனில் பேசும்போது எப்படிப் பேசுவாளோ அப்படி, உரத்த குரலில் தொடங்கினாள்.

"சம்பந்தி, நான் புனிதவதி. துர்க்காவின்ர அம்மா. கலியாணத்தில காணவேண்டிய நாங்கள் இப்பதான் காணுறம். உங்கட கடைசி மகன் வரேல்லை எண்டு மனம் நோகாதேங்கோ. அவனில ஒரு பிழையும் இல்லை. நான்தான் ஒரு கடிதத்தை நாலு மாசம் லாச்சிக்குள்ள வைச்சிருந்தனான். அதாலதான் அவன் அங்க, நான் இங்க. கோவிக்கிறதெண்டால் என்னைக் கோவியுங்கோ."

ஊர்ச்சனம் அதைச் செபம் என்று நினைத்துத் தலைகுனிந்து நின்றது. அம்மா முடித்துக் கையெடுத்துக் கும்பிட்டதும் யாரோ ஒரு கிழவி, "ஆமென்," என்றாள். எல்லோரும், "ஆமென்," என்றார்கள்.

அந்த ஊரில் ஒருவருக்கும் விளங்கவில்லை. ஆனால் கடிதம், நாலு மாசம் என்ற இரண்டும் ஆர்னெலுக்குத் தெரிந்த சொற்கள். துர்க்கா அவன் பக்கம் திரும்பினாள்.

"ஆர்னெல், நான் உன்னிடம் பொலிஸ் சான்றிதழ் என்று சொன்னது..."

"கடிதத்தில் திகதி இருந்தது," என்றான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "மேலே ஒக்டோபர். கையெழுத்துக்குப் பக்கத்தில் பெப்ரவரி. நான்தானே ஸ்கேன் பண்ணினேன்."

"பிறகு ஏன் நீ ஒன்றும் கேட்கவில்லை?"

"அப்போது மாமிக்குக் கை நொந்துகொண்டிருந்தது," என்றான்.

துர்க்காவுக்கு வெட்கமாக இருந்தது. ஒன்றே கால் வருடம் ஒரே வீட்டில், ஒரே மேசையில், இவன் இதைத் தெரிந்துகொண்டே அம்மாவுக்குச் சோறு போட்டுக் கொடுத்திருக்கிறான். அவள் அழுதாள். அவன் அவள் முழங்காலில் கையை வைத்தான்.

திரையில் மரிவிக் அம்மாவை முன்வரிசைக் கதிரையில் இருத்தினாள். ஒரு பெண் தட்டில் எதையோ கொண்டுவந்து நீட்டினாள். ஓலையில் சுற்றி நூலால் கட்டிய, விரல் நீளப் பொதி. அம்மா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மணந்து பார்த்தாள். செத்தவீட்டில் தந்ததை வேண்டாம் என்று சொல்லவும் மாட்டாமல், மச்சமோ மரக்கறியோ என்று கேட்கப் பாஷையும் இல்லாமல் மடியில் வைத்துக்கொண்டு முழித்தாள்.

ஆர்னெல் எழும்பித் திரைக்குக் கிட்டப் போனான்.

"சோறு, மாமி," என்றான் தமிழில். "சோறும் தேங்காய்ப் பாலும். மச்சம் இல்லை. சாப்பிடுங்கோ."

இன்றைக்கு வெறும் நேரலைதான், இங்கே பேசுவது அங்கே கேட்காது. அவனுக்கும் அது தெரியும். "சாப்பிடுங்கோ மாமி," என்று மறுபடியும் சொன்னான். அம்மா நூலை அவிழ்த்து, ஓலையைப் பிரித்து, ஒரு சின்னத் துண்டு கிள்ளி வாயில் வைக்கும்வரை அவன் திரைக்கு முன்னாலேயே நின்றான்.