பூமிக்கு அடியில் என் பங்கு

மரத்தடியில் சிவப்பு நாடா கட்டிய முளைக்குச்சியை ஒருவன் சுத்தியலால் அடித்து இறக்கிக்கொண்டிருந்தான். என் தங்கச்சி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் எனக்குப் பயம். சின்ன வயதிலிருந்தே அவள் கத்தினால் பிரச்சினை சின்னது. வாயை மூடிக்கொண்டால் எதிரே நிற்கிறவன் பாடு திண்டாட்டம். எதிரே நின்றது எரிவாயுக் கம்பெனி. பக்கத்தில், குற்றவாளி மாதிரி, நான்.

மாதிரி என்ன, குற்றவாளியேதான். எங்கள் பக்கத்தில் நிலத்தை இரண்டாக எழுதலாம். மேலே உழுவது, நடுவது, வீடு கட்டுவது ஒருவருக்கு. அடியில் கிடக்கும் கனிமம் இன்னொருவருக்கு. அப்பா போனபின் பாகம் பிரித்த அன்று, நான் பெரிய வள்ளலாட்டம், "மேல்நிலம் முழுக்க நீயே வச்சுக்கோ, எனக்கு அடிநிலம் போதும்" என்றேன். லாரி ஓட்டுகிறவனுக்கு மண் எதற்கு? விட்டுக்கொடுத்த அண்ணன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். அப்புறம் ஒருத்தன் வந்து அந்த அடிநிலத்துக்கு விலை கேட்டான். பைத்தியக்காரன் சிக்கினான் என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். பைத்தியக்காரன் யார் என்று தெரிய பன்னிரண்டு வருஷம் ஆனது. பத்திரம் கைமாறிக் கைமாறிக் கம்பெனியிடம் போய்ச் சேர்ந்திருந்தது. அடியில் இருப்பதை எடுக்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மேல்நிலத்தில் இறங்கி வேலை செய்யலாம் என்று அதில் ஒரு வரி இருந்தது.

அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான் வந்திருந்தார்கள். எரிவாயுக் கிணறு தோண்ட அவர்கள் முளையடித்த இடத்தில் நாற்பது ஆரஞ்சு மரங்கள். பழத்துக்கு வளர்த்தவை அல்ல. தாய்மரங்கள். இவற்றிலிருந்துதான் புதுக்கன்றுகளில் ஒட்டுக்கட்டத் தங்கச்சி குச்சி வெட்டுவாள். சுற்றுவட்டாரத்துத் தோப்புகளில் பாதி இந்த நாற்பதின் பிள்ளைகள். நோய் வந்ததைத் தள்ளி, காய்க்காததைத் தள்ளி, ஒவ்வொன்றாகத் தேறவைத்தவள் அவள். இன்னொரு நாற்பதை இந்த நிலைக்குக் கொண்டுவர அவளுக்கு இன்னொரு ஆயுள் வேண்டும்.

கம்பெனி என்ஜினியர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஐயா, தங்கச்சிகிட்ட நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க. மரத்துக்கு நஷ்டஈடு குடுத்துடுவோம்."

வந்ததிலிருந்து அந்த மனுஷர் என்னிடம்தான் பேசினார். நிலத்துக்காரி முன்னால் நிற்கிறாள், பேச்சோ என் மீசையிடம்.

"சார், இங்க பாருங்க" என்றாள் தங்கச்சி. "எடுக்கிறதுக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவுதான் மேல்நிலம்னு உங்க பத்திரமே சொல்லுது. மூணு தடவை படிச்சுட்டேன். இந்த இடமேதான் வேணுமா?"

"வாயு இதுக்கு நேர் கீழதான் இருக்கும்மா."

"அந்த மூலையில வெறும் பாறைத்தரை கிடக்கு. அங்கேருந்து குழாயைச் சாய்ச்சு இறக்குங்க."

என்ஜினியர் குழந்தையிடம் சிரிப்பதுபோலச் சிரித்தார். "அதெல்லாம் லேசுப்பட்ட காரியம் இல்லம்மா."

அவள் என் பக்கம் திரும்பினாள். ஐயையோ, அதைச் சொல்லப்போகிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. வேண்டாம்டி என்று கண்ணைக் காட்டினேன். கேட்டால்தானே!

"எங்க அண்ணன் இறக்கியிருக்காரு, சார்."

சொன்னாள். ஒன்றுவிடாமல் சொன்னாள். மழை பொய்த்த வருஷம் நாங்கள் ஆழ்துளைக் கிணறு போட்டது. அந்த இடத்தில் பாறை சரிவாக இருக்கிறது, வேண்டாம் என்று போர்வெல்காரர் தலையால் அடித்துக்கொண்டது. எல்லாம் தெரிந்த நான், "போடுய்யா" என்றது. குழாய் பாறையில் வழுக்கிக் கோணலாகப் போனது தெரியாமல் இறக்கிக்கொண்டே இருந்தது. கடைசியில் பக்கத்துத் தோட்டத்துக்காரர், தன் கிணற்றுக்குள் குளித்துக்கொண்டிருந்தவர், தலையிலிருந்து கால்வரை சேறு வழிய ஓடிவந்து, "உங்க குழாய் என் கிணத்துக்குள்ள எட்டிப் பாக்குதுய்யா!" என்று அலறியது. இன்றைக்கும் டீக்கடையில் என் பெயர் கோணக்குழாய்தான்.

முளையடித்தவன் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். தங்கச்சி சிரிக்கவில்லை.

"தெரியாமலே எங்க அண்ணன் அவ்வளவு தூரம் சாய்ச்சாரு. இவ்வளவு படிச்சு, இவ்வளவு மெஷின் வச்சிருக்கிற நீங்க தெரிஞ்சு சாய்க்க மாட்டீங்களா? முடியும்னா, உங்களுக்கு வேண்டிய அளவுல என் மரம் சேராது. முடியாதுன்னா, முடியாதுன்னு எழுதி உங்க கையெழுத்துப் போட்டுக் குடுங்க. கேக்க வேண்டிய இடத்துல நான் கேட்டுக்கறேன்."

என்ஜினியர் பேனாவைத் தொடவில்லை. வரைபடம் வைத்திருந்த ஆள் மெல்ல, "சார், ஏரிக்கரையில போன வருஷம் நாம அப்படித்தானே..." என்று ஆரம்பித்து, அவர் பார்த்த பார்வையில் மீதியை விழுங்கினான்.

என் மானம் கப்பலேறிவிட்டது. ஏறட்டும்! என் ஜென்மத்தில் நான் செய்த மகா முட்டாள்தனத்தை எடுத்து இப்படி ஒரு வேலைக்கு ஆக்கினாளே! இவள் என் தங்கச்சி என்று ரோட்டில் போகிற ஒவ்வொரு வண்டியையும் நிறுத்திச் சொல்லவேண்டும்போல் இருந்தது.

"மேல கேட்டுத்தான்மா சொல்லணும்" என்றார் என்ஜினியர்.

"மேல நான்தான் சார் இருக்கேன். கேளுங்க."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்கிக்கொண்டு, "சரி, அந்த மூலையைப் பாப்போம். பாக்கறதால எதுவும் முடிவாயிடாது" என்றார். நான் வழக்கம்போல வழிகாட்ட முன்னால் போனேன். அவர் என் தோளைத் தொட்டு நிறுத்தினார்.

"இருங்கய்யா. நிலத்துக்காரம்மா காட்டட்டும்."

தங்கச்சி மரங்களுக்கு நடுவே நடந்தாள். வழியில் ஒரு கிளை புதுக்கொழுந்தோடு தாழ்ந்து கிடந்தது. அதை உள்ளங்கையில் தாங்கிக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தாள். என்ஜினியர் தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு குனிந்து அந்தப் பக்கம் போனார். வரைபடக்காரன் குனிந்தான். முளையடித்தவன் குனிந்தான். கடைசியாக நான். எனக்குக் குனிய வேண்டிய உயரம் இல்லை. குனிந்தேன்.