சட்டைப்பையில் மகரந்தம்

லேத்துக்காரருக்கு இரண்டு நாளாக இருப்புக் கொள்ளவில்லை. பட்டறையை மூடி வருடங்களாகியும் அந்தப் பட்டப்பெயர் அவரை விடவில்லை. முப்பத்தோரு வருடம் வளர்த்த பெண் சைகட், குட்டைப் பனை மாதிரி ஒரு செடி, இப்போதுதான் முதல் தடவையாகக் கூம்பு விட்டிருந்தது. காட்டில் அந்த இனம் பூண்டோடு போய்விட்டது. கூம்பின் செதில்கள் விரிந்திருப்பது நாலைந்து நாள்தான். அதற்குள் ஆண் செடியின் மகரந்தப் பொடி உள்ளே போகாவிட்டால் விதை கிடையாது. மறுபடி எப்போது கூம்பு விடும் என்று செடியைத்தான் கேட்கவேண்டும். அவருக்கோ எழுபத்து நாலு வயது.

ஆண் செடி இருந்தது மச்சினனிடம். கேட்ட மறுநாளே சின்னக் குப்பியில் பொடி வந்துவிட்டது. அதுதான் உறுத்தியது. கேட்டதும் கொடுக்கிற ஜென்மமா அவன்? அவன் வீட்டில் மலிவுச் சாதி ஆண் செடி ஒன்றும் கூம்பு விட்டிருக்கிறது. அந்தப் பொடியைத் தள்ளிவிட்டிருந்தால் பிறப்பதெல்லாம் கலப்பு. முப்பத்தோரு வருடமும் குப்பையில்.

"ஃப்ரிட்ஜுல வைங்க," என்றாள் மனைவி.

"வெச்சா, தம்பி சொன்னான்னு நீ மாத்தி வெச்சாலும் வெப்ப."

"ஆமா, எனக்கு வேற பொழப்பில்ல. உங்க செடிக்கு மாப்பிள்ளை பாக்கறதுதான் வேலை."

குப்பி சட்டைப்பையிலேயே கிடந்தது. மூன்றாம் நாள் மத்தியானம், பொறுக்கமாட்டாமல் அதை ஸ்கூட்டர் பெட்டியில் போட்டுக்கொண்டு நேரில் பார்த்துவிடக் கிளம்பினார்.

மச்சினன் அவரை நேரே தோட்டத்துக்குக் கூட்டிப்போனான். நல்ல சாதி ஆண் செடியில் கூம்பை அறுத்த இடம் இன்னும் சரியாகக் காயவில்லை. மலிவுச் செடியின் கூம்போ பொடி உதிர்க்காமல் இறுக மூடி நின்றது.

"இப்பவாவது நம்பறீங்களா மாமா? பொடியப் போட்டாச்சா?"

"வண்டியில இருக்கு."

"இந்த வெயில்லயா?"

"ரெண்டு நாளா பையில இருந்தது. இன்னைக்குத்தான் வண்டியில."

மச்சினன் போய்ப் பெட்டியைத் திறந்து குப்பியைத் தொட்டான். சுட்டது. "வறுத்தே எடுத்துட்டு வந்திருக்கீங்க. இனி இது பல்பொடிக்குத்தான் ஆகும்."

லேத்துக்காரர் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். மச்சினன் கொஞ்ச நேரம் அவரை அப்படியே விட்டு வைத்தான்.

"பாதிய ஃப்ரீசர்ல வெச்சிருக்கேன். உங்கள நம்பி முழுசயும் குடுக்க எனக்கென்ன கிறுக்கா?"

"குடு."

"கையில குடுக்கமாட்டேன். நானே வந்து போடறேன்."

பன்னிரண்டு வருடமாக அவர் அவனைத் தன் செடிகள் பக்கம் விட்டதில்லை. கடைசியாக விட்டபோது, அடியில் முளைத்த பக்கக் கன்று ஒன்று காணாமல் போனது. எடுத்தது யார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. சாட்சிதான் இல்லை.

ஐஸ் டப்பாவை மடியில் அணைத்துக்கொண்டு மச்சினன் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்தான். தோட்டத்துக் கம்பிக்கதவின் முன் லேத்துக்காரர் சாவியோடு நின்றார். உள்ளே செதில்கள் மூட ஆரம்பித்திருக்கும். பூட்டைத் திறந்தார்.

"நீ முன்னாடி போ," என்றார். "கை ரெண்டும் எனக்குத் தெரியட்டும்."