உள்மடிப்பில் நாற்பத்தொன்று

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. பழைய சாமான் கடையில் வாங்கினேன். ஆம்பூர் ரயில் நிலையத்திலிருந்து பஜார் பக்கம் போகும் வழியில், தோல் துண்டு, அறுந்த பெல்ட், ஜோடி இழந்த ஷூ எல்லாவற்றையும் எடை போட்டு விற்கும் கடை அது. ஆணியில் ஒரு ஜோடி குத்துச்சண்டை கிளவுஸ் தொங்கியது. கடைக்காரர் சொன்ன விலையில் பாதி கேட்டேன். அவர் சிரித்தார், நான் நடந்தேன், அவர் கூப்பிட்டார். எங்கள் குடும்பத்தில் இதற்குப் பெயர் நலம் விசாரித்தல். வீட்டுக்கு வந்து மணிக்கட்டுப் பட்டையை மடித்துப் பார்த்தால், உள்ளே வெள்ளி மையில் ஓர் எண்: 41.

எனக்குக் கிடைத்த உண்மை அவ்வளவுதான். மீதி நான் சேர்த்த சரக்கு. (கலப்படம் உண்டு என்று முதலிலேயே சொல்லிவிட்டு விற்கும் வியாபாரியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பார்த்துக்கொள்ளுங்கள்.)

2

முதல் வரியை மூன்று முறை எழுதினேன்.

மழை கொட்டிய ஓர் இரவில் துப்பறியும் சத்தார் தன் கோட்டு — ஆம்பூர் வெயிலில் கோட்டா? அடித்துவிட்டேன்.

பிணம் இன்னும் சூடாக — தொட்டுப் பார்த்தது யார்? இதுவும் போகட்டும்.

மகனைப் புதைத்த ஒன்பதாம் நாள் காலை, சவுரியம்மாள் சத்தாரின் ஆபீஸ் படியேறினாள்.

இது நிற்கும்.

சத்தார் இருபது வருடம் தோல் தொழிற்சாலையில் அசார்ட்டராக இருந்தவர். குவிந்து கிடக்கும் தோல்களைக் கட்டைவிரலால் தடவி, இது முதல் தரம், இது கழிசல் என்று பிரித்து வைப்பது அந்த வேலை. இப்போது மனிதர்களைப் பிரிக்கிறார். கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளையைப் பற்றி விசாரித்துச் சொல்வதுதான் பிழைப்பு. வாசல் போர்டில் அவரே எழுதியது: ‘முன்னாடி வந்தால் நான், பின்னாடி வந்தால் வக்கீல்.’

சவுரியம்மாள் அந்த போர்டைப் படித்துவிட்டுத்தான் உள்ளே வந்தாள். சிரிக்கவில்லை. மகன் சாமுவேல், இருபத்துமூன்று வயது, குத்துச்சண்டைக்காரன். வேலூர் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த போட்டியில் மூன்றாம் ரவுண்டில் விழுந்தான். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமலே போய்விட்டான். மண்டைக்குள் ரத்தக்கசிவு. போலீஸ் விபத்து என்று எழுதி மூடிவிட்டது.

“எம் புள்ளைய கொன்னது யாருன்னு எனக்குத் தெரியணும் பாய்.”

“கொலை நம்ம லைன் இல்லம்மா. மாப்பிள்ளை குடிப்பானான்னு பாக்கறதுதான் நம்ம வேலை.”

“எம் புள்ளையும் மாப்பிள்ளை ஆவ வேண்டியவன்தான்.”

சத்தார் பேனாவைத் திறந்தார்.

3

மறுநாள் அவள் வீட்டுக்குப் போனார். சவுரியம்மாள் ஷூவின் மேல்பாகங்களை வீட்டிலேயே கையால் தைத்துக் கொடுப்பவள். பேசும்போதும் ஊசி நிற்கவில்லை. ஒவ்வொரு ஜோடி முடிந்ததும் சில்வர் பேனாவை எடுத்து உள்பக்கம் 41 என்று எழுதினாள். கம்பெனியில் அவள் நம்பர் அது. நம்பர் இல்லாத ஜோடி அவள் தைத்ததாகவே ஆகாது. அதனால் கண் பார்க்காவிட்டாலும் விரல் எழுதிவிடும். மகனைப் பற்றி அழுதுகொண்டே மூன்று முறை எழுதினாள்.

அவள் சொன்னது இதுதான். சாமுவேலின் பயிற்சியாளர் நவநீதன். கிளப்பும் அவனுடையது, போட்டி நடத்துவதும் அவன்தான், வெளியே பந்தயம் கட்டுகிறவர்களோடு உள்ளே கூட்டு வைத்திருப்பதும் அவன்தான். முந்தைய போட்டியில் மூன்றாம் ரவுண்டில் விழச் சொல்லியிருக்கிறான். சாமுவேலும் தலையாட்டினான். ஆனால் விழவில்லை, ஜெயித்துத் தொலைத்தான்.

“விழலாம்னுதான் பாத்தேன்மா, காலு மடங்கலன்னான்” என்றாள். அந்த ஆத்திரத்தில் யாரோ இந்த முறை தண்ணீரில் எதையோ கலந்துவிட்டார்கள் என்பது அவள் கணக்கு.

(சாமுவேல் ரொம்ப நல்லவனாக வந்துவிட்டானோ என்று எனக்குச் சந்தேகம். விழுவதாக ஒப்புக்கொண்டவன்தானே? ஆகவே அரைக்கால் நல்லவன். அவனை அப்படியே விட்டுவிடுகிறேன்.)

4

சத்தார் ஒரு வாரம் தண்ணீர் பாட்டிலைத் துரத்தினார். ஒன்றும் இல்லை. பிறகு யாரோ போனில் எடுத்த வீடியோ கிடைத்தது. பார்ப்பதை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக் கேட்டார். இரண்டு ரவுண்டு வரை மெத்தையில் குத்துகிற சத்தம். மூன்றாவதில் எதிராளியின் வலது கையிலிருந்து வந்தது வேறு. ஈரத் தோலைச் சிமெண்டுத் தரையில் அறைந்த மாதிரி. இடைவேளையில் கிழிந்துவிட்டதாகச் சொல்லி, நவநீதன் அந்தப் பையனுக்கு வேறு ஜோடி மாட்டிவிட்டிருந்தான்.

இங்கே நவநீதன் ஒரு தப்பு செய்திருந்தான். வேறு ஊர்க் கொலைகாரன் அந்தக் கிளவுஸை எரித்திருப்பான். இவன் இந்த ஊர்க்காரன். நல்ல தோலை எரிக்க மனசு வரவில்லை. சத்தார் பழைய தோல் வாங்குகிறவராகக் கிளப்புக்குப் போனபோது, கழிசல் சாக்கில் அதுவும் இருந்தது.

“இது ஆடா மாடா தம்பி?”

“அசல் மாட்டுத் தோலு பாய்.”

“இவ்ளோ உண்ணிக் கடி இருக்கே. மாடு செத்துச்சா, தற்கொலை பண்ணிக்கிச்சா?”

நவநீதன் சிரித்துவிட்டான். சிரித்தவன் விலையிலும் இறங்கினான். கொலைக்கருவியை அவனே பேரம் பேசி, சாக்கோடு தூக்கிவிட்டு, ஆட்டோ வரைக்கும் கொண்டுவந்து வைத்தான்.

ஆபீசில் சத்தார் வலது கிளவுஸின் முட்டிப் பக்கத்தை அழுத்தினார். உள்ளே ஸ்பாஞ்சு இல்லை. பேருக்கு ஒரு துணி. கட்டைவிரல் ஓரமாகத் தையலைப் பிரித்து, ஸ்பாஞ்சை உருவி, மறுபடி தைத்திருக்கிறார்கள். நடுவர் பார்த்தாலும் தெரியாத தையல். கடைசி ஒரு அங்குலம் மட்டும் இரட்டை நூல். எவ்வளவு நல்ல விரல் என்று மெச்சிக்கொண்டேதான் மணிக்கட்டுப் பட்டையை மடித்தார். உள்ளே நாற்பத்தொன்று.

5

வாசகர் இங்கே என்னை மடக்குவார்: பெற்றவளுக்கு அந்தக் கிளவுஸ் ஞாபகம் வராதா?

நானும் அதில் நான்கு நாள் நின்றுவிட்டேன். அவளைக் கல்நெஞ்சுக்காரியாக, இல்லை, மறதிக்காரியாக — இரண்டும் அவளுக்குப் பொருந்தவில்லை. கடைசியில் சத்தாரையே போன் பண்ண வைத்தேன். கிளப் சாமான் கிழிந்தால் யாரம்மா தைப்பது என்று சும்மா கேட்பது போலக் கேட்டார்.

“நான்தான் பாய்” என்றாள். குரலில் பெருமை இருந்தது. “நவநீதன் அண்ணனே கொண்டாந்து குடுப்பாரு. போன மாசம்கூட ஒரு ஜோடி கிளவுஸ். ஸ்பாஞ்சு கம்மியா இருக்கேன்னு கேட்டேன், பிராக்டிஸுக்குத்தான்னாரு. சாமு போடுவானோ இன்னாவோன்னு ஓரத்துல டபுள் நூல் போட்டேன்.”

பிராக்டிஸ் கிளவுஸ். அதனால் அவள் மனசில் அது சாவோடு சேரவே இல்லை.

நவநீதன் கொண்டுவந்து கொடுத்ததைப் பார்த்தவள் உலகத்திலேயே அவள் ஒருத்திதான். அவள் சொல்லாவிட்டால் வழக்கு கிடையாது. அவள் சொல்ல வேண்டுமானால், எதைத் தைத்தாள் என்று முதலில் அவளுக்குச் சொல்லியாக வேண்டும்.

6

முடிவுகள் சில எழுதினேன்.

சத்தார் கிளவுஸைப் போலீசில் கொடுக்கிறார். தைத்தது அவன் அம்மாதானே, அவளையே கேளுங்கள் என்கிறான் நவநீதன். போலீஸ் ஜீப் முதலில் நாற்பத்தொன்றின் வீட்டுக்குத்தான் வருகிறது. கிழித்தேன்.

சத்தார் பிளேடால் எண்ணைச் சுரண்டிவிட்டு, ஒன்றும் கிடைக்கவில்லை என்கிறார். அவள் நிம்மதியாக, தண்ணீரில்தான் கலந்தார்கள் என்று நம்பிச் சாகிறாள். அடுத்த ஞாயிறு பேர்ணாம்பட்டிலிருந்து வந்த புதுப் பையன் ஒருவனை நவநீதன் மேடை ஏற்றுகிற — முடிக்க முடியவில்லை.

நவநீதன் மேல் லாரி ஏறுகிறது. எனக்கு மிகவும் பிடித்த முடிவு, அதனாலேயே நம்பவில்லை. நம் நெடுஞ்சாலையில் லாரிகள் ஆள் பார்த்து ஏறுவதில்லை.

7

ஆகவே நடந்ததை மட்டும் சொல்கிறேன். (நடக்கவில்லை. சொல்கிறேன்.)

கம்பெனியில் மூட்டையைப் போட்டுவிட்டு, ஒரு மதியம், சொல்லாமல் சவுரியம்மாள் ஆபீசுக்கு வந்தாள். கிளவுஸ் மேசை மேல் இருந்தது. எடுத்து ஒளிக்க நேரமில்லை. சத்தார் மணிக்கட்டுப் பட்டை மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டார்.

அவள் எதிரில் உட்கார்ந்தாள். தோல்காரன் கண் தோலுக்குப் போகும். தைக்கிறவள் கண் தையலுக்குப் போகும். ஒரு விரலை நீட்டி, கட்டைவிரல் ஓரமாக மெல்ல ஓட்டினாள். கடைசி அங்குலத்தில் விரல் நின்றது. பிறகு முட்டிப் பக்கத்தை அழுத்தினாள். தோல் உள்ளே போய்விட்டது. தடுக்க அங்கே எதுவும் இல்லை.



“இதுலதான் அடிச்சானா?”

அவர் தலையாட்டினார்.

அவள் விரல் அவர் மூடியிருந்த பட்டை வரை வந்தது.

“உள்ள நம்பர் போட்டிருக்கா பாய்?”

8

அவர் உள்ளங்கை இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. இல்லை என்றால் நவநீதன் தப்பிவிடுவான். ஆமாம் என்றால் அவள் —

ஒன்று மட்டும் எனக்குத் தெரியும், சத்தாருக்குத் தெரியாது. கோர்ட்டுக்குப் போன பொருள் பழைய சாமான் கடை ஆணியில் தொங்காது. அந்த எண்ணையும் யாரும் சுரண்டவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்து அவர் என்ன சொல்லியிருப்பார் என்று கணக்குப் போட எனக்குத் துணிவில்லை.

கிளவுஸ் என் மேசையில் இருக்கிறது. விற்பதற்கு இல்லை, சும்மாவே தருகிறேன். எங்கள் பரம்பரையில் இதுவரை யாரும் செய்யாத காரியம். வந்து எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் எதிர் நாற்காலியில் அவள் உட்கார்ந்திருக்கிறாள், கேட்டதற்குப் பதில் வரவில்லை. நான் எழுந்துவிட்டேன். இப்போது அவள் பார்ப்பது உங்களை.