வயிற்றோரம் வலது கை

"நல்லா சேத்துப் புடிடா மாணிக்கம்" என்றார் விருத்தகிரி. மாணிக்கவேல் அண்ணனின் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் ஒட்டிப் பிடித்தான். விருத்தகிரி துணியால் முடிச்சுப் போட்டார். பீங்கான் கம்பெனியில் மூவருக்கும் ஒரே சூளையில் வேலை. குத்துவரிசை பழகியதும் ஒரே களத்தில்தான். அண்ணன் ஆதிநாராயணனின் நகக்கண்ணில் வெள்ளைக் களிமண் இன்னும் இருந்தது.

ஐம்பத்தொன்றாம் வருஷம் தொடங்கி இந்த எழுபத்தொன்றாம் வருஷம் வரை அண்ணன் தம்பிக்குள் ஒரு விளையாட்டு. ஒருவர் வாசற்படி மிதித்தால் மற்றவர் கை நிலை போட வேண்டும். இடது உள்ளங்கை முன்னால் நீளும், வலது கை வயிற்றோரம் நிற்கும், கண் எதிராளியின் கண்ணில். வந்தவரும் அப்படியே நிற்க வேண்டும். அடி கிடையாது. முதலில் சிரித்தவர் தோற்றவர். நாற்பது வயது ஆம்பிளைகளுக்கு இதெல்லாம் ஒரு விளையாட்டா என்று தெருவே கேட்டாயிற்று. கேட்டு என்ன, அவர்கள் விட்டால்தானே!

இன்று காலை வேலைக்குப் போகிற வழியில் மாணிக்கவேல் எட்டிப் பார்த்தான். அண்ணி தங்கம்மாள் குழாயடிக்குப் போயிருந்தாள். உடம்பு அசதி என்று லீவு போட்டிருந்த அண்ணன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தம்பியைக் கண்டதும் இடது கை முன்னால் நீண்டது. வலது கை மார்பில் இருந்தது. முகமெல்லாம் வேர்வை. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை.

"என்னண்ணே, கை மேல ஏறிப்போச்சு! வயித்துகிட்ட எறக்கு."

சொல்லிவிட்டுத் தானும் நிலை போட்டான். சிரிப்பு வந்துவிட்டது. அதற்குள் கம்பெனிச் சங்கு ஊதியது. "தோத்துட்டேண்ணே, போயிட்டு வரேன்" என்று சைக்கிளில் ஏறிவிட்டான். எட்டரை மணிக்கு, அண்ணன் போய்விட்டார் என்று சூளைக்கே ஆள் வந்து சொன்னான்.

கூப்பிட்ட கையைப் பார்த்துச் சிரித்துவிட்டு வந்தாயே பாவி! தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அண்ணி காலில் விழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"நீங்க வந்தப்ப எப்பிடி தம்பி இருந்தாரு?" என்று அவளே கேட்டாள்.

"கை... கை நிலை போட்டாரு அண்ணி."

அழுது வீங்கிய முகம் சற்றுத் தெளிந்தது. "அப்பிடியா! கொடத்த வச்சிகிட்டுக் கதை பேசினு நின்னுட்டனே, வூட்ல தனியா கெடந்து தவிச்சாரோன்னு வவுறு எரிஞ்சுது தம்பி. தம்பியோட வெளையாடிட்டுதான் போயிருக்காரு."

அதற்குமேல் அவன் வாய் திறக்கவில்லை. திறந்தால் இவளல்லவா சாவாள்.

சேத்தியாத்தோப்பிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கிய சொந்தக்காரர்களிடமெல்லாம் அவள் அதையே சொன்னாள். யாரோ ஒரு பெண் நம்பாமல் பார்த்தாள் போலிருக்கிறது. "எப்பிடி வச்சாருன்னு காட்டுங்க தம்பி, இவுங்களும் பாக்கட்டும்" என்றாள் அண்ணி.

மாணிக்கவேல் எழுந்தான். இடது கையை நீட்டினான். வலது கை தானாக மார்புக்குப் போயிற்று. அண்ணி பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கையை மெல்லக் கீழே கொண்டுவந்து வயிற்றோரம் வைத்தான்.

"கடைசி வரைக்கும் பெசகலையே அவனுக்கு!" என்று விருத்தகிரி துண்டால் கண்ணைத் துடைத்தார்.

"போதும் தம்பி, எறக்குங்க" என்றாள் அண்ணி.

மாணிக்கவேல் நீட்டிய கையோடு அப்படியே நின்றான்.