முட்டையில் ரத்தப் பொட்டு

தன் நாத்தனார் ஹோதாயாவுக்குக் கல்யாணம் கூடிவர வேண்டும் என்று பெனீனா ஜெருசலேமில் பாதிப் பெண்களைத் தன் சமையலறைக்குள் அடைத்து வைத்திருந்தாள். எல்லாரும் ஒரே தொட்டியில் மாவு பிசைந்து, ஒரு துண்டைக் கிள்ளி ஆண்டவனுக்கென்று எடுத்து எரித்து, ஹோதாயாவின் பெயரைச் சொல்லி வேண்ட வேண்டும். மிச்ச மாவு, வெள்ளி சாயங்காலம் தொடங்கும் சப்பாத் ஓய்வுநாளுக்கு ஹல்லா என்ற பின்னல் ரொட்டியாகும்.

வரன் எல்காநாவைப் பார்த்துப் பேசியாகிவிட்டது. ஹோதாயாவுக்கு அவனை நிஜமாகவே பிடித்திருந்தது. அவன் அம்மா சரி என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. அந்த யோகெவெத் வாசலிலேயே, "நாளைக்கு எங்க மேஜைக்கு இங்கேருந்துதான் ஹல்லா" என்று சொல்லிக்கொண்டு வந்தாள்.

முட்டை உடைக்கும் வேலையை அவளே பிடுங்கிக்கொண்டாள். ஒவ்வொன்றையும் கண்ணாடி டம்ளரில் ஊற்றி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"இதுல ரத்தப் பொட்டு. ரத்தம் நமக்கு விலக்கு. கொட்டிடு. எங்க வீட்ல இதெல்லாம் ரொம்பப் பார்ப்போம்."

பிறகு தொட்டிக்குள் கைகள் இறங்கின. சாயம் உரிந்த நகங்கள், கழற்றாத மோதிரங்கள். ஒருத்தி மாவின் மேலேயே தும்மினாள். ஹோதாயா தன் கையை வெளியே எடுத்துக்கொண்டாள். யோகெவெத்தின் விரலில் பிளாஸ்திரி, ஓரத்தில் பழுப்பாக ரத்தம். அந்தக் கை மாவுக்குள் போனது. வெளியே வந்தபோது விரலில் பிளாஸ்திரி இல்லை. அவள் விரலைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள், கையை ஏப்ரன் துணிக்குள் ஒளித்துக்கொண்டாள்.

"அண்ணி, மாவுல அவங்க பிளாஸ்திரி விழுந்திருச்சு," என்றாள் ஹோதாயா மெதுவாக.

"வாயைத் திறந்தே, தொலைச்சுடுவேன். மாமியார் ஆகப் போறவங்கடி. வெந்தா எல்லாம் சரியாப் போயிடும்."

எள் தூவிய ரொட்டிகள் பொன்னிறமாக வெந்து வந்தன. வீடே மணத்தது. அந்த மணம் தாங்காமல் ஹோதாயா ஜன்னலைத் திறந்துவைத்தாள். பெனீனா ஒன்றைத் துணியில் சுற்றி யோகெவெத்திடம் நீட்டினாள்.

"எனக்கு வேண்டாம்மா. வீட்லயே பண்ணி வெச்சிருக்கேன்," என்றாள் அவள் கூசாமல். இருப்பதிலேயே பெரிய ரொட்டியை ஹோதாயாவின் பக்கம் தள்ளினாள். "உன் பேர்ல பண்ணினது. கையைக் கழுவிட்டு ஒரு வாய் சாப்பிடு. பார்க்கிறேன்."

தெரிந்தேதான் தின்னச் சொல்கிறாள். முட்டையில் கடுகளவு பொட்டுக்கு மூக்கைச் சுளித்தவள். ஹோதாயாவுக்கு இப்போது பிளாஸ்திரியைவிட அந்த முகம்தான் அருவருப்பாக இருந்தது.

"நீங்க முதல்ல சாப்பிடுங்க மாமி. உங்க பிளாஸ்திரி எதுல இருக்குன்னு தெரியல."

தும்மியவள் கையிலிருந்த ரொட்டியை மேஜையில் வைத்தாள். யோகெவெத்தின் கை ஏப்ரன் துணிக்குள்ளேயே கிடந்தது. "உனக்குக் கல்யாணம் ஆக வேண்டாமா?" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

எல்காநாவின் சிரிப்பு ஒரு கணம் நினைவுக்கு வந்தது. ஆண்டவனுக்கென்று எடுத்து வைத்த துண்டு கருகிக்கொண்டிருந்த அடுப்பை ஹோதாயா திறந்து, பெரிய ரொட்டியையும் அதற்குள் தள்ளினாள்.

"வேணும் மாமி. ஆனா அப்புறம் வெள்ளிக்கிழமைதோறும் உங்க கையால சாப்பிடணுமே."