வெர்னெட்டாவின் சாட்சி

“அதான் எல்லாம் முடிஞ்சிருச்சே. இன்னும் எதுக்கு அழுவுற?” என்றான் கணவன் ரூஃபஸ், கண்ணாடி முன் நின்று டையை இறுக்கிக்கொண்டே.

வெர்னெட்டா மாக்கரோனி மேல் சீஸைத் துருவிக்கொண்டிருந்தாள். அவள் புற்றுநோயிலிருந்து பிழைத்ததற்காக அன்று சபையில் நன்றி ஆராதனை, பிறகு விருந்து. அந்த விருந்துக்கான மாக்கரோனியை அவளே செய்ய வேண்டியிருந்தது. அவள் கைப்பக்குவம் மெம்ஃபிஸ் நகரத்தில் வேறு யாருக்கும் வராது என்று பெண்கள் குழு ஏகமனதாகத் தீர்மானித்திருந்தது. ஒரு மார்பை இழந்து, கதிர்வீச்சில் தோல் கருகி, இடது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாமல் இருப்பவளுக்கு இதைவிட என்ன மரியாதை வேண்டும்?

சிகிச்சை நடந்தவரை யாரையும் குறை சொல்ல முடியாது. சூப் வந்தது, பொரித்த மீன் வந்தது, வாசலில் புல் வெட்ட ஆள் வந்தது. கடைசிச் சிகிச்சை முடிந்ததற்கு அடையாளமாக ஆஸ்பத்திரியில் அவள் மணி அடித்த மறுநாளே எல்லாம் நின்றுவிட்டது. பயம் அதற்கப்புறம்தான் வந்தது. முதுகில் சுளுக்கினால் அதுவோ என்று நினைப்பாள். இருமினால் அதுவோ. அலமாரியைத் திறப்பாள், எதற்கென்று மறந்து மூடுவாள். காரை எடுத்துக்கொண்டு கடை வரை போய், இறங்காமலே திரும்பி வருவாள். உட்கார்ந்தால் எழத் தோன்றும். எழுந்தால் எங்கே போவதென்று தெரியாது.

சிகிச்சை முடிந்த கறுப்பினப் பெண்கள் சனிக்கிழமைதோறும் நூலகத்தில் கூடிப் பேசுகிறார்கள் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். போகட்டுமா என்று ரூஃபஸிடம் கேட்டதுதான் தப்பாகிப்போனது. அவன் சபையில் டீக்கன், பாஸ்டருக்குத் துணையான பொறுப்பாளர்களில் ஒருவன். டீக்கன் வீட்டு விஷயம் நூலகத்துக்குப் போவதா? இன்றைக்கும் அதே பேச்சுதான்.

“நம்ம பொம்பளைங்க உக்காந்து புலம்புற ரகம் இல்ல, வெர்னெட்டா. எங்கம்மா ஊரார் துணியெல்லாம் தொவச்சு எங்கள வளத்தா. ஒரு நாள் வாயத் தெறந்திருப்பாளா?”

“தெறக்கல. அம்பது வயசு ஆவுறதுக்குள்ள போயும் சேந்துட்டா.”

ரூஃபஸ் கார் சாவியை எடுத்தான். இன்றைக்குச் சாட்சியை ஒழுங்காகச் சொல், சனிக்கிழமைப் பேச்சை அதோடு விட்டுவிடு என்று கதவருகே நின்று சொல்லிவிட்டுப் போனான்.

கர்த்தர் தனக்குச் செய்ததைச் சபை முன் எழுந்து சொல்லும் சாட்சிக்கு ஒரு முறை உண்டு. நோய் வந்தது, நான் விழுந்தேன், கர்த்தர் தூக்கினார், இப்போது முன்னைவிடப் பலமாக இருக்கிறேன். ‘பலமாக’ என்ற இடத்தில் ஆர்கன் இசை பொங்கி எழ வேண்டும்.

ஆராதனையில் முதலில் பாஸ்டர் ஹோலிஸ், நம் சகோதரிகள் அழத் தெரியாதவர்கள், இரும்பால் ஆனவர்கள் என்று முக்கால் மணி நேரம் முழங்கினார். போன குளிர்காலத்தில் ஜலதோஷம் பிடித்தபோது தன் உடல்நிலையை வாராவாரம் மேடையிலிருந்து அறிவிக்கச் செய்தவர் அவர். பிறகு ‘வலிமையின் தூண்’ என்று பொறித்த கேடயத்தை வெர்னெட்டாவின் கையில் கொடுத்தார். சரியாக, தூக்க முடியாத கையில்.

நோய் வந்ததையும் விழுந்ததையும் கர்த்தர் தூக்கியதையும் அவள் சொன்னாள். நான்காவது வாக்கியம் வரவில்லை.

“எனக்குப் பலம் இல்ல,” என்றாள். “தூக்கம் வர்றதில்ல. திரும்ப வந்துருமோன்னு பயந்துக்கிட்டே இருக்கேன்.”

மைக் அவள் வாயை விட்டு விலகியிருந்தது. ஆர்கன்காரருக்கு எதுவும் கேட்கவில்லை. அவள் உடம்பு நடுங்குவதை மட்டும் பார்த்தார். சபையில் ஒரு பெண் நடுங்கினால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: பரிசுத்த ஆவி இறங்கிவிட்டது. ஆர்கன் பொங்கியது, டிரம் சேர்ந்துகொண்டது, சபை எழுந்து கைதட்டியது. ஆராதனையில் சேவை செய்யும் வெள்ளை உடுப்புப் பணிப்பெண்கள் ஓடிவந்து அவளை முன்வரிசையில் உட்காரவைத்து, மூக்குக்கண்ணாடியைப் பத்திரமாகக் கழற்றி, விசிறத் தொடங்கினார்கள். சவ அடக்கக் கம்பெனி இலவசமாகக் கொடுத்த விசிறிகள்.

“ஆவி இல்ல,” என்றாள் வெர்னெட்டா, பக்கத்தில் குனிந்தவளிடம். “பயம்.”

குனிந்தவள் செஃப்ரோனியா, பணிப்பெண்களின் தலைவி. பணியில் இருப்பவர் பேசக் கூடாது, உட்காரக் கூடாது என்ற விதியை மீறிய எத்தனையோ பேரை வரிசையிலிருந்து நீக்கியவள். அவள் விசிறி நின்றது.

“எனக்கும்தான்டி,” என்றாள். “எனக்கு வயித்துல. ஆபரேஷன் முடிஞ்சு மறு மாசமே இங்க வந்து நின்னுட்டேன். யார்கிட்டயும் சொல்லல.”

வெள்ளைக் கையுறைகளைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, வெர்னெட்டாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மற்ற பணிப்பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, வேறு வழி தெரியாமல், இருவருக்கும் சேர்த்து விசிறினார்கள். ஆவியானவர் சகோதரி செஃப்ரோனியாவையும் தொட்டுவிட்டார் என்று பாஸ்டர் அறிவித்தார். டிரம் இன்னும் வேகமெடுத்தது. அந்த இரைச்சலுக்குள் இரண்டு பெண்களும் தலையோடு தலை சேர்த்து, வெகு நாளாக ஒருவரிடமும் கேட்காத கேள்விகளை ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ரூஃபஸ் வந்து குனிந்தான். “எந்திரி. எல்லாரும் பாக்குறாங்க.”

“பாக்கட்டும். சனிக்கிழம நாங்க ரெண்டு பேரும் நூலகத்துக்குப் போறோம், ரூஃபஸ்.”

அவனுக்கு நன்றாகவே கேட்டது. ஆனால் சபை முழுவதும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. ஆவி இறங்கிய மனைவி பக்கத்தில் நிற்கும் டீக்கன் வேறென்ன செய்வான்? கையை உயர்த்தி, “அல்லேலூயா” என்றான்.