முப்பத்தோராவது க்யூ

ஏழு மணி ஷிப்ட் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொழிற்சாலைக்குள்ளே போய்க்கொண்டிருந்தன. லாரி மட்டும் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றது. மேடைப் பலகைகள், விளக்குகளைத் தொங்கவிடும் அலுமினிய ட்ரஸ் துண்டுகள், ஸ்பீக்கர் பெட்டிகள், எல்லாவற்றுக்கும் மேலே பதினான்கு ஆட்கள். செக்யூரிட்டி ஆபீசர் சரக்கைப் பார்க்கவில்லை. ஆட்களை இறங்கச் சொல்லி வரிசையாக நிறுத்தினார். அவர்களுடைய கால்களைப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

"அஞ்சு பேரு கால்ல தாம்மா சேஃப்டி ஷூ இருக்குது. மீதி ஒம்போது பேரும் செருப்பு. ஷூ இல்லாம ஒருத்தனையும் உள்ள வுட மாட்டேன்."

"எல்லாருக்கும் ஷூ இருக்குது சார். காக்களூர் குடோன்ல வெச்சிட்டு வந்துட்டாங்க," என்றாள் சத்யா.

"குடோன்ல கீற ஷூ, இங்க கால் மேல இரும்பு வுழுந்தா தடுக்குமா?"

சத்யா நோட்டைப் பிரித்தாள். அறுபத்திரண்டு வரிகள். ஜெனரேட்டருக்கு டீசல், ஆட்களின் ஆதார் நகல், ஜன்னல்களை மூடக் கறுப்புத் துணி, குத்துவிளக்குத் திரி, நமுத்துப் போனால் மாற்றுக்கு இன்னொரு தீப்பெட்டி வரை எழுதியிருந்தாள். ஷூ இல்லை. போன வருஷமே வாங்கிக் கொடுத்தாகிவிட்டது, போட்டுக்கொண்டுதான் வருவார்கள் என்று இருந்துவிட்டாள்.

ட்ரஸ் ஏறும் ஆட்களுக்கு மேஸ்திரி பார்த்திபன் தலையைச் சொறிந்தார். "ஷூ போட்டுகினு ஏறினா கம்பி எங்க கீதுன்னே தெரியாது சத்யா. வெறுங்காலு தான் கம்பிய புடிக்கும். இன்னிக்கு நேத்தா ஏறிகினு கீறோம்?"

"அந்த ஷூவ இன்னாண்ணே பண்ணீங்க?"

"குடோன் கதவு காத்துல அடிச்சிக்குதுன்னு, அண்டக் குடுத்து வெச்சிருக்கோம்."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். சத்யாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று புதன்கிழமை. வெள்ளிக்கிழமை காலை ஒன்பதே காலுக்கு அந்தத் தொழிற்சாலையின் இரண்டாவது யூனிட் திறப்பு விழா. காருக்கு சீட் தைக்கும் இடம். முதலாளிகள் வெளிநாட்டிலிருந்து வருகிறார்கள். பத்தரைக்கு ராகு காலம் தொடங்கிவிடும் என்பதால் குத்துவிளக்கில் ஆரம்பித்துக் கடைசிச் சால்வை வரை அதற்குள் முடிய வேண்டும். நான்கு வருஷமாக அவள் வேலை பார்க்கும் ஈவென்ட் கம்பெனிக்கு இவ்வளவு பெரிய வேலை கிடைத்தது இதுதான் முதல் தடவை. முதலாளி மணவாளன் போன மாதம் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார்: "இத்த நீ ஒண்டியா நடத்திக் காட்டிட்டேன்னு வை, அடுத்த மாசத்துலருந்து ப்ராஜெக்ட் மேனேஜர் நீ தான். கார்டுல உன் பேர அடிச்சித் தர்றேன்."

போன் எடுத்துப் பதில் சொல்லும் வேலைக்குத்தான் அவள் சேர்ந்தது. மீஞ்சூரில் ஒரு கல்லூரி ஆண்டுவிழாவில் ஸ்பீக்கர்கள் முதலில் வந்து இறங்கிவிட்டன. மேடை பிறகு வந்தது. எட்டு ஆட்கள் தூக்கும் பெட்டிகளை ஒரே நாளில் மூன்று தரம் இடம் மாற்றினார்கள். யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை, வழக்கம்தான் என்றார்கள். சத்யா அன்று மாலை வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு நோட்டு வாங்கினாள். எது எதற்காகக் காத்திருக்கிறது என்று எழுத ஆரம்பித்தாள்.

அது அவளுக்குப் புதிதும் இல்லை. பழவேற்காடு ஏரியோரத்துக் குப்பத்தில் பிறந்தவள். அங்கே வலை போடுவதற்குப் பாடு உண்டு. இன்று எந்தத் துறையில் யார் வலை, நாளை யார் என்று சீட்டுப் போட்டு முறை வைப்பார்கள். ஒருவன் வலையை எடுக்காமல் அடுத்தவன் படகு அந்தத் துறைக்குள் நுழையாது. தன் அப்பாவின் பாடு மட்டுமல்ல, ஊரில் அத்தனை பேரின் பாடும் பத்து வயதில் சத்யாவுக்கு மனப்பாடம். முறையில் சண்டை வந்தால் ஆண்கள் அவளைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். சீட்டு மட்டும் ஆண்கள் பேருக்குத்தான். அப்பாவுக்கு இரண்டும் பெண்கள். முழங்கால் போய் அவர் ஏரிக்கு இறங்குவதை நிறுத்தியபோது அவர் பாடு தம்பி மகனுக்குப் போனது.

சத்யா நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கிழித்து லாரியின் பானட் மேல் வைத்தாள். ஒரு கோடு இழுத்தாள். கோட்டுக்கு இந்தப் பக்கம் கேட்டுக்கு வெளியே, அந்தப் பக்கம் உள்ளே.

"சார், கேட்டுக்கு வெளிய நாங்க வேலை பாத்தா உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?"

"வெளிய நீ இன்னா வேணா பண்ணிக்கம்மா. வெளிய வுழுந்தா எனக்கு ரிப்போர்ட் இல்ல."

"பார்த்திபண்ணே, ஷூ கீற அஞ்சு பேரும் பலகையும் அடித்தகடும் எடுத்துகினு உள்ள போவட்டும். அளந்து மேடைய போட்டுடட்டும். மேல ஏறற வேலை எதுவும் இப்ப வாணாம். மீதி ஒம்போது பேரும் இங்கியே தார்ப்பாய் விரிச்சி ட்ரஸ்ஸ மாட்டணும். லைட்டையும் அதுலயே கட்டி, வயர் இழுத்து, டேப் சுத்திடணும். உள்ள போறப்போ தூக்கி நிறுத்தற வேலை மட்டும் தான் மீதி இருக்கணும்."

"லைட்ட மேல ஏறி தானே கட்டுவோம்?"

"ஏன்?"

பார்த்திபன் யோசித்தார். "எப்பவும் அப்டி தான்," என்றார்.

காக்களூரில் ஒரு மினி வேன் பிடித்து ஒன்பது ஜோடி ஷூவை ஏற்றச் சொன்னாள். பெரியபாளையம் வழியாக வேன் வந்து சேர்வதற்குப் பதினொன்றரை ஆனது. அதற்குள் வேப்பமரத்தடியில் நாற்பதடி ட்ரஸ் இரண்டும் விளக்குகளோடு தயாராகக் கிடந்தன. டீ கொண்டுவந்த கடைக்காரர் அதைத் தாண்டிப் போக வழியில்லாமல் சுற்றிக்கொண்டு வந்தார். மேலே ஏறித் தொங்கிக்கொண்டு கட்டியிருந்தால் மறுநாள் மதியம் வரை இழுத்திருக்கும் வேலை, அன்று மாலை ஐந்து மணிக்கு முடிந்தது.

"ஷூவ மறந்துட்டு வந்ததுல அரை நாள் மிச்சம் தங்கச்சி," என்றார் பார்த்திபன். காலில் ஷூ கடித்த இடத்தைத் தேய்த்துக்கொண்டார். "அடுத்த வாட்டி வேட்டியையும் மறந்துட்டு வரேன்."

சத்யா நோட்டில் அறுபத்து மூன்றாவது வரி எழுதினாள்: ஷூ. கேட்டில் அல்ல, குடோனிலேயே காலைப் பார்க்கணும். அதற்குக் கீழே இன்னொன்று: லைட்டைக் கீழேயே கட்டணும். எப்பவும்.

வியாழக்கிழமை மதியம் விமல் வந்தான். மணவாளனின் அக்கா மகன். கழுத்தில் புது அடையாள அட்டை தொங்கியது. மேடை முன்னால் நின்று நான்கு பக்கமும் போட்டோ எடுத்தான்.

"சூப்பரா வந்துகீதுக்கா. இந்த கருப்புத் துணி எதுக்கு?"

"ஷெட்டுக்குள்ள வெளிச்சம் வந்தா திரையில படம் தெரியாது. லைட்டும் எடுக்காது."

"ஓ." அதையும் ஒரு போட்டோ எடுத்தான். பிறகு தொழிற்சாலை மேனேஜரின் ஏசி அறைக்குப் போனான். சாயங்காலம் வரை அங்கேதான் இருந்தான். கிளம்பும்போது, "ஒண்ணுனா போன் பண்ணுக்கா, நான் இருக்கேன்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

சத்யா அப்போது மேடையில் குனிந்து சிவப்பு டேப்பைக் கிழித்துப் பெருக்கல் குறி போல் ஒட்டிக்கொண்டிருந்தாள். விளக்கு ஏற்றுபவர் இங்கே, பேசுபவர் இங்கே, சால்வை வாங்குபவர் இங்கே. நிற்கிறவர் அந்தக் குறி மேல் நின்றால்தான் மேலிருந்து வரும் வெளிச்சம் முகத்தில் விழும். விளக்குகளை இயக்கும் லைட் போர்டில் உட்காரும் அந்தோணி ஒவ்வொரு குறிக்கும் விளக்கைத் திருப்பிச் சரிபார்த்தார். அவருக்காக அவளே குறி மேல் மாறி மாறி நின்றாள்.

"அங்க நில்லு. ஆங். மூஞ்சி நல்லா தெரியுது சத்யா," என்று ஹெட்செட்டில் சொன்னார் அந்தோணி. "நாளைக்கு உன்னையும் மேடைக்குக் கூப்புடுவாங்க. புடவ கட்டிகினு வா."

"போங்கண்ணே, வயரு மேல நடக்கறதுக்குப் புடவையா?" என்றாள். ஆனாலும் வெள்ளிக்கிழமை காலை, போன தீபாவளிக்கு அம்மா எடுத்துக் கொடுத்த பச்சைச் சுடிதாரைப் போட்டுக்கொண்டு வந்தாள்.

எட்டே முக்காலுக்கு மணவாளன் வந்தார். கையில் ஒற்றைக் காகிதம். "கடைசி பக்கம் மாறிடிச்சிம்மா. இத்த சொருகிக்க."

நிகழ்ச்சியில் எந்த நொடியில் எந்த விளக்கு, எந்தப் பாட்டு, எந்தத் திரை என்று வரிசையாக எழுதியதுதான் க்யூ ஷீட். அதைப் பார்த்து ஹெட்செட்டில் அவள் 'கோ' சொன்னால் ஒவ்வொன்றும் நடக்கும். முப்பது க்யூ போட்டிருந்தாள். புதுக் காகிதத்தில் முப்பத்தொன்று இருந்தது. 'சால்வை: விழாவைத் திட்டமிட்டு நடத்திய ப்ராஜெக்ட் மேனேஜர் திரு. விமல்.'

அவள் அதை இரண்டு தரம் படித்தாள்.

"ஃபேக்டரிக்காரங்க சால்வை போட நம்ம சைடுல ஒரு ஆள கேட்டாங்க," என்றார் மணவாளன். "நீ மேடைக்குப் போயிட்டா க்யூ யாரு குடுப்பா? உன்ன வுட்டா இத்த யாரு பண்ணுவா, சொல்லு."

"கார்டு?"

"அவனுக்கு அடிச்சிட்டேன்மா. அக்கா ஊட்ல பேஜாரு பண்றாங்க, பொண்ணு பாக்கறாங்க, ஒரு போஸ்ட் இருந்தா தான் ஆவும்னு. பேரு தானே? வேலைய நீ தான் பாக்கப் போற. நீ நம்ம ஊட்டுப் பொண்ணு, உன்கிட்ட நான் சொல்லணுமா?" அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "டைம் ஆவுது பாரு."

சத்யா பழைய கடைசிப் பக்கத்தை எடுத்துவிட்டுப் புதியதைச் சொருகினாள். மேடையோரம் போய் நின்று ஹெட்செட்டைக் காதில் மாட்டினாள்.

ஒன்பதே காலுக்குக் கதவு மூடியது. ஷெட் இருண்டது. "க்யூ ஒண்ணு, கோ." நாதஸ்வரம் எழுந்தது. "ரெண்டு, கோ." குத்துவிளக்கின் மேல் மஞ்சள் வெளிச்சம் இறங்கியது. முதல் குச்சியிலேயே திரி பிடித்தது. எட்டாவது க்யூவில் வெளிநாட்டு முதலாளி பொத்தானை அழுத்த, திரை இரண்டாகப் பிரிந்து, பின்னால் புது யூனிட்டின் இயந்திரங்கள் வரிசையாக ஒளிர்ந்தன. எண்ணூறு பேர் கை தட்டினார்கள். ஒருவர் ஏழு நிமிஷம் கூடுதலாகப் பேசினார். சத்யா ஒரு வீடியோவை விட்டுவிட்டு நேரத்தை மீட்டாள். ட்ரஸ்ஸுக்குக் கீழே இருட்டில் பார்த்திபனும் ஆட்களும் ஷூவோடு குந்தியிருந்தார்கள்.

மணி பத்து இருபத்தொன்று. தொகுப்பாளினி முப்பத்தோராவது வரியைப் படித்தாள். விமல் படியேறி வந்தான். கும்பிட்டுக்கொண்டே நடந்து, குறியைத் தாண்டிப் போய் நின்றான்.

"முப்பத்தொண்ணு, கோ."

வெளிச்சம் சிவப்பு டேப்பின் மேல் விழுந்தது. காலி இடம் பளிச்சென்று தெரிந்தது. அதற்கு ஓரடி தள்ளி, விமலின் முகம் இருட்டில் இருந்தது. சால்வையோடு வந்தவர் ஆளைத் தேடித் தடுமாறினார். போட்டோக்காரர் கேமராவை இறக்கினார்.

ஹெட்செட்டில் அந்தோணியின் குரல் மெதுவாக வந்தது. "இன்னா சத்யா? அப்டியே வுட்ரட்டா?"

கீழே போட்டோக்காரர் அவள் பக்கம் திரும்பிக் கையை ஆட்டினார். ஓரத்தில் நின்ற மணவாளனும் திரும்பினார். சத்யா மைக்கை வாய்க்கு அருகே இழுத்தாள்.

"ஓரடி இடது பக்கம், அண்ணே," என்றாள். "கொஞ்சம் மேல. ஆங், போதும்."

வெளிச்சம் டேப்பை விட்டு நகர்ந்து விமலின் முகத்தில் நிறைந்தது. கைதட்டல் எழுந்தது. அவள் பேனாவை எடுத்து முப்பத்தோராவது வரிக்கு எதிரே டிக் அடித்தாள். மணி பத்து இருபத்து மூன்று.